பதினெட்டு நகங்கள்

பதினெட்டு நகங்களில் பதினொன்று முடிந்திருந்தது. பன்னிரண்டாவதற்குப் பட்டாணி காலை உள்ளே இழுத்துக்கொண்டு அடித்தொண்டையில் உறுமியது.

"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க," என்றாள் ஹேமாவதி.

பூனைக்கு மணி கட்டுவதைப் பற்றித்தான் ஊரில் பேச்சு. நகம் வெட்டுவதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. சம்பந்தம் துண்டில் சுற்றிய பூனையை இடது முழங்கை மடிப்பில் இன்னும் இடுக்கிக்கொண்டு, வலது கட்டைவிரலால் அதன் பாதத்தை அழுத்தினார். நகம் வெளியே வந்தது. உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு கோடு. அது ரத்தம், அதைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்ட வேண்டும் என்று நகவெட்டி வாங்கிய கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஹேமாவதி மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள்.

எல்லாம் அவருடைய கைக்காகத்தான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்கள் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். முதலில் மணிக்கட்டில் தைத்தது இரண்டே மாதத்தில் அடைத்துப்போனது. இப்போது இருப்பது முழங்கையில். இதுவும் போனால் கழுத்தில்தான் குழாய் போட வேண்டும், அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றிருந்தார் டாக்டர். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே ரத்தம் ஓடுவது கிர்ரென்று அதிருமாம். ஹேமாவதி தொட்டதில்லை. புடைத்து நெளிந்த அந்த நரம்பைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் அந்தக் கையில் பால் பாக்கெட்டைக்கூடத் தூக்கவிடமாட்டாள். கடிகாரம் கூடாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டாள்.

பட்டாணிக்கு அந்த அதிர்வு பிடித்திருந்தது. எப்போதும் அதன்மேல்தான் தலைவைத்துத் தூங்கும். போன வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் நர்ஸ் ஜெரூஷா அங்கே ஒரு நகக் கீறலைப் பார்த்துவிட்டாள். "இந்த எடத்துல இன்ஃபெக்‌ஷன் ஆச்சுன்னா கையே போயிடும் சார். நகத்த வெட்டுங்க, இல்லன்னா பூனைய யாருக்காச்சும் குடுத்துடுங்க." குடுத்துவிடலாம்தான். ஆனால் நோய் வந்த பிறகு அந்த மனிதர் வாய்விட்டுப் பேசுவதே அந்தச் சனியனிடம்தான் என்று ஹேமாவதிக்குத் தெரியும்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி நகத்தில் துளி ரத்தம் வந்தது. கோதுமை மாவை வைத்து அழுத்தியதும் நின்றது. துண்டை அவிழ்த்ததுதான் தாமதம், பட்டாணி பீரோவுக்கடியில் போய்விட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இந்த வீட்டில் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே அவருக்கு அளந்து அரை டம்ளர் காபி கொடுத்தாள்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பூனை கட்டிலில் ஏறி வழக்கம்போல அவர் கையில் தலையை வைத்தது. வைத்த உடனே எடுத்துவிட்டது. முகர்ந்து பார்த்தது. மறுபடி வைத்தது. பிறகு எழுந்து கால்மாட்டில் போய்ச் சுருண்டுகொண்டது.

"கோவமா இருக்கா," என்றார் சம்பந்தம்.

சற்று நேரம் கழித்து வலது உள்ளங்கையைத் தன் இடது முழங்கையில் வைத்தார். வெகுநேரம் எடுக்கவேயில்லை. "ஹேமா, இங்க வா. கைய வச்சுப் பாரு."

அவள் வைத்தாள். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. "என்ன தெரியணும்?"

"அதிரணும்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையேங்க."

ஜெரூஷாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. "காலைல இருந்துச்சா சார்? வெயிட் ஏதாச்சும் தூக்கினீங்களா? கைய மடக்கி வச்சு அழுத்தம் குடுத்தீங்களா?"

சம்பந்தம் ஹேமாவதியைப் பார்க்காமல், "இல்லம்மா," என்றார்.

"உடனே கெளம்பி ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. சீக்கிரம் வந்தா சில பேருக்கு அடைப்ப எடுத்துடுவாங்க."

நகம் வெட்டும்போது பூனையும் ஒரு பாரம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. இறுக்கிப் பிடிங்க, இறுக்கிப் பிடிங்க என்று எத்தனை முறை சொன்னோம் என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சட்டை மாட்டிவிட்டு, பூனைக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, சிட்லபாக்கம் முனையில் ஆட்டோ பிடித்தாள்.

ஆட்டோவில் அவர் கேட்காமலே முழங்கையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அழுத்தாமல், ஒட்டினாற்போல. ஜிஎஸ்டி ரோட்டில் ஏறியதும் கைக்கடியில் கிர்ரென்று ஏதோ அதிர்ந்தது.

"தெரியுதா?"

"தெரியுதுங்க. நல்லாத் தெரியுது."

சொன்ன பிறகுதான் தன் முழங்கால்களும் அதிர்வதைப் பார்த்தாள். முன்னால் இருந்த கம்பி, டிரைவரின் தண்ணீர் பாட்டில், எல்லாமே அதிர்ந்துகொண்டிருந்தன.

சிக்னலில் வண்டிகள் நீளமாக நின்றன. டிரைவர் எஞ்சினை அணைத்தார். ஹேமாவதி கையை எடுக்கவில்லை. சம்பந்தம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.