நாலு மணிக்கு எடுத்தது யார்?

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை, கண்ணுகளா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஜன்னலுக்கு நீலத் திரைச்சீலை தைத்தவள், அதை மாட்ட வந்த அன்று சொன்னது. பிரிந்திருந்த ஓரத்தைத் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்தபோதும் நூல் கோத்தபாடில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘கடல்கடந்து வலைவிரித்த அந்தப் பயங்கரக் கும்பலின் அடுத்த குறி...’

வேண்டாம். கும்பலை நான் கண்டேனா? தையல்காரியைக் கண்டேன். அவளிலிருந்தே போகலாம்.

2

அவள் மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இருவருக்கும் ஒரு சண்டை. (எதற்கு என்று கேட்டேன். “எனக்கே மறந்துபோச்சுக்கா” என்றாள். நான் நம்பவில்லை.) பையோடு வாசலில் நின்ற மகளிடம், “இனிமே செத்தாலும் உன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன், போடி” என்றாள். வாலு போய்விட்டாள், வெளிநாட்டுக்கு.

அதற்குப் பிறகு தையல்காரி வீடு மாறினாள், கடை மாறினாள், மூன்று கைப்பேசி மாற்றினாள். எண்ணை மட்டும் மாற்றவில்லை. வாலுவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அது.

3

அந்த எண்ணைத்தான் திருடினார்கள்.

ஒருவன் அவள் பெயரில் போலி அடையாள அட்டையைக் காட்டி, கைப்பேசி தொலைந்துவிட்டதென்று புது சிம் வாங்கிவிட்டான். உடனே அவளுடைய சிம் செத்தது. அவளோ, டவர் போயிருக்கும் என்று கைப்பேசியைக் கத்தரிக்கோல் டிராயருக்குள் போட்டுவிட்டு, பொழுது சாயும்வரை தைத்தாள். வங்கியில் இருந்ததைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். (அதைப் பற்றி அவள் சொன்னது இவ்வளவுதான்.)

சைபர் குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரப் பெண். எண்ணையும் மீட்டாள், ஆளையும் பிடித்தாள். அன்றைய அழைப்புப் பட்டியலில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். மாலை நாலு மணி, வெளிநாட்டு அழைப்பு, நாற்பது வினாடி.

அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தார்கள். எங்கோ ஒரு பேருந்து நிலையத்தின் பொதுத் தொலைபேசி. வழிப்போக்கர் யாரோ எடுத்தார், புரியாத மொழியில் ஏதோ சொன்னார், வைத்துவிட்டார்.

4

திருடனை அரக்கனாக எழுதி வைத்திருந்தேன். எழுதியதை அடித்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொள்ளும் ஒல்லி ஆளாம். ஸ்டேஷனில் அவன் எதிரே உட்கார்ந்து தையல்காரியே கேட்டாளாம்:

“தம்பி, அன்னைக்கு நாலு மணிக்கு ஒரு ஃபோன் எடுத்தியே, யாருப்பா பேசுனது?”

“ஞாபகமில்லம்மா. எவ்வளவோ வந்துச்சு.”

“அடுத்தவங்க நம்பர் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கோ?” என்றாள் இன்ஸ்பெக்டர்.

“நாங்க பேசவே மாட்டோம் மேடம். சில பேங்க்ல ரகசிய எண்ணை மெஷினே ஃபோன்ல படிக்கும். அதனால எது வந்தாலும் எடுத்துட்டு, வாயைத் திறக்காம காத்திருப்போம்.”

“அன்னைக்கு என்ன வந்துச்சு?” என்றாள் தையல்காரி.

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

“‘அம்மா’ன்னு ஒரு பொண்ணு குரல். ரெண்டு தடவை. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. கடைசியா, ‘இன்னும் பேசமாட்டியா?’ன்னு கேட்டுச்சு.”

“நீ?”

“நான் நம்பருக்காகக் காத்திருந்தேன்மா. அந்தப் பொண்ணுதான் வச்சிருச்சு.”

5

முடிவு ஒன்று: வாலு மறுபடி அழைக்கிறாள். எழுதி, தையல்காரிக்குப் படித்துக் காட்டினேன். “நடக்காததை வச்சுக்கிட்டு நான் என்னக்கா பண்றது?” என்றாள்.

முடிவு இரண்டு: அவள் அந்த எண்ணைக் கைவிட்டு

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

“அப்ப எப்படித்தான் முடிக்கட்டும்?” என்றேன்.

“முடிக்கவே வேணாம். அவ கண்ணுல படுற மாதிரி எங்கயாவது போடுங்க. அது நான் இல்லைன்னு மட்டும் எழுதுங்க.”

ஆகையால் கண்ணுகளா, மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இனி உங்களில் ஒருத்தியிடம் மட்டும் பேசுகிறேன்.

வாலு, அன்றைக்கு எடுத்தது உன் அம்மா இல்லை. அவள் அப்போது என் ஜன்னலுக்கான நீலத் துணியில் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு அவள் கை எந்தத் தையலில் இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி அதைத் தடவிப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் கைப்பேசி டிராயருக்குள் போவதில்லை. மெஷின் மேலேயே இருக்கிறது.

எண் அதேதான்.