இடிமாறன் குதிக்கும் இடம்

இரண்டு கண்ணுக்கும் பின்னால் வளர்ந்திருக்கும் கட்டியை எடுத்துவிடலாம், பார்வை மிஞ்சுமா என்பதை இப்போதே சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஆபரேஷன். இஷ்ரத் அழவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு, "எனக்கு இடிமாறன் பாக்கணும்டா" என்றாள் தம்பி ஜுல்பிகரிடம்.

காமிக்ஸிலிருந்து டிவிக்கு வந்து தமிழ் பேசிய சூப்பர்ஹீரோ இடிமாறன். சிறுவயதில் சிம்மக்கல் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் பார்த்த தொடர். ஜுல்பிகர் ஃபோனில் அண்மையில் வந்த இடிமாறன் படத்தைப் போட்டான். கடல் எழுந்து நகரத்தை விழுங்கியது. எம்புட்டு முடியுமோ அம்புட்டையும் அக்கா பார்த்துவிடட்டும் என்றிருந்தது அவனுக்கு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பழசப் போடு."

"அதுல கயிறு தெரியும்க்கா. செவுரெல்லாம் அட்டை."

"கயிறு தெரியிறதுனாலதான் பயமா இருக்கும், அறுந்துருமோன்னு. இதுல யாருக்கு என்ன ஆகப்போகுது?"

பழைய தொடரைத் தேடிப் போட்டான். மங்கலான படம். முழங்காலில் சுருங்கிய உடையோடு இடிமாறன் மொட்டைமாடி விளிம்பில் நின்றான். குதிப்பதற்கு முன் ஒரு கணம் கீழே பார்த்து எச்சில் விழுங்கினான். இத்தனை வருடமும் ஜுல்பிகர் அதைக் கவனித்ததே இல்லை.

"பயந்துட்டான்க்கா, அந்த நடிகன்."

"ஆமா. அதுக்குத்தான்டா பாக்குறதே" என்று சிரித்தாள். ஃபோனை வாங்கி இடது கண்ணோரம் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டாள்.

ஜுல்பிகர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். "அக்கா, வலது கண்ணு?"

ஃபோனில் இடிமாறன் மெத்தைமேல் விழும் சத்தம் கேட்டது.

"நேத்துலருந்து இருட்டாத்தான் இருக்கு. டாக்டர்ட்ட சொல்லிறாத. ஆபரேஷனத் தள்ளிப் போட்ருவாங்க. இன்னொரு வாட்டி என்னால மனசத் தேத்திக்கிட்டு வர முடியாதுடா."

"சரிக்கா" என்றான். தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி வெளியே வந்தவன், பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நர்ஸிடம் ஓடினான்.

டாக்டர் திரும்பி வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். தள்ளிப் போடவில்லை, காலைவரை காத்திருக்க முடியாது, இப்போதே செய்ய வேண்டும் என்றார். பச்சை உடுப்பு மாற்றினார்கள். இஷ்ரத் அவனோடு பேசவே இல்லை. வராந்தாவில் அவள் கண்ணில் படாதபடி ஸ்ட்ரெச்சரின் வலதுபுறமாகவே நடந்தான். "இன்ஷா அல்லாஹ், சரியாயிரும்க்கா" என்றபோதும் அவள் கூரையையே பார்த்திருந்தாள்.

தியேட்டர் கதவு திறந்தது. அப்போது அவள் தலையைத் தலையணையில் புரட்டி, கழுத்து நரம்பு புடைக்க, இடது கண் தம்பியின் முகத்துக்கு நேராக வரும்வரை திருப்பினாள்.

கதவு மூடும்வரை அவன் கண்ணைச் சிமிட்டவில்லை.