புழு சாகும்போது

மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்த வெனிலா முறத்தின் மேலேயே சரிந்தாள். முதலில் இடது கை மட்டும் வெட்டி இழுத்தது, பிறகு உடம்பு முழுவதும். மாமியார் லூசியா சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் திணித்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நினைவு திரும்பியதும் லூசியா கேட்டாள்.

"இது எத்தினி வருசமா இருக்குது?"

"இதுக்கு முன்னாடி வந்ததே இல்லீங்க அத்தை."

லூசியா நம்பவில்லை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வலிப்பை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று திண்டிவனத்தில் அவர்கள் தெரு முழுக்கப் பேச்சாயிற்று. கணவன் ஸ்டீபன்ராஜ் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பாயைக் கதவோரம் தள்ளிப் போட்டுப் படுத்தான்.

பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது பக்க மூளையில் வெள்ளையாக ஒரு சின்ன வளையம். ஸ்டீபன்ராஜ் வெளியே நின்றுவிட்டதால், டாக்டரம்மா அதை வெனிலாவுக்கு மட்டும் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"நாடாப்புழுவோட குஞ்சு இது. நீர்க்கட்டி மாதிரி பல வருஷமா உள்ளே இருந்திருக்கு. உயிரோட இருக்கிற வரைக்கும் ஏதேதோ புரதத்தைச் சுரந்து, தான் இருக்கிறதே உடம்புக்குத் தெரியாமப் பார்த்துக்கும். சாகும்போது அது முடியாது. உள்ளே இருக்கிறதெல்லாம் கசியும். உடம்பு அப்பதான் முழிச்சுக்கிட்டுச் சண்டை போடும். சுத்தி இருக்கிற மூளை வீங்கும். அதனாலதாம்மா வலிப்பு."

"நான் பன்னிக்கறி துன்னதே இல்லீங்களே."

"வேகாத கறி தின்னா வயித்துலதான் புழு வளரும். மூளைக்குப் போறது அதோட முட்டை. வயித்துல புழு இருக்கிறவங்க கை சரியாக் கழுவாமச் சோறு போட்டா அது வழியா வரும். கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டில யார் சமைச்சாங்களோ, அவங்களைப் பரிசோதனை பண்ணிக்கச் சொல்லுங்க."

செஞ்சிக்கு அருகே, வல்லத்துப் பக்கத்து ஊரில் அவள் பிறந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். அவள் சின்ன வயதில் இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். கல்லூரிக்குப் போகிற அவசரத்தில் வெனிலா தலைவாரிக்கொண்டிருக்க, அம்மா அமல்ராணி சோற்றைப் பிசைந்து உருட்டி உருட்டி வாயில் ஊட்டுவாள். திருவிழாவுக்கு உறவுக்காரர் வீட்டில் பன்றிக்கறி ஆக்கினால் அம்மா மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவாள். வெனிலாவுக்கு அந்த வாசனை பிடிக்காது.

அமல்ராணிக்குப் புழு இருந்தது. ஒரு தடவை மாத்திரை போட்டதில் போய்விட்டது.

"எனுக்கு சரியாப்பூடுச்சி. ஒனுக்கு எப்டி வந்துச்சாம்?" என்று போனில் கேட்டாள்.

"தண்ணியில இருந்திருக்கும்மா."

அந்த வாரம் லூசியா, வலிப்பை மறைத்ததைப் பற்றிச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசப்போவதாகச் சொன்னாள். ஸ்டீபன்ராஜ் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "மறைச்சிக்கினு வந்தியான்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

வெனிலா ஸ்கேன் படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். அம்மாவின் பரிசோதனை முடிவையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் இளகியது. தன்மேல் இருந்த பாரம் இறங்கி எங்கே போய் உட்காருகிறது என்று தெரிந்துகொண்டேதான் சொல்லி முடித்தாள். மறுநாள் காலை லூசியா அவளுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். வெனிலா அதை வாங்கிக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அமல்ராணி வந்தாள். மகளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கலாம் என்று கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தாள்.

"நீங்க ஒக்காருங்க சம்மந்தி," என்றாள் லூசியா. குரலில் கோபம் இல்லை. "உங்க கை பட்டுதான் பொண்ணு இப்டிக் கெடக்குது. இங்க நான் ஆக்கிக்கிறேன்."

அமல்ராணி மகளைப் பார்த்தாள். அம்மா மாத்திரை போட்டாகிவிட்டது, இனி அவளிடம் புழு இல்லை என்று வெனிலா சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். ஸ்டீபன்ராஜ் பக்கத்தில் நின்றிருந்தான். வெனிலா தரையைப் பார்த்தாள்.

அமல்ராணி சாப்பிட்டாள். தட்டைத் தானே கழுவி, வெயிலில் தனியாகச் சாய்த்து வைத்தாள். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

செஞ்சி பஸ்ஸில் ஏற்றிவிட வெனிலா மட்டும் போனாள்.

"அம்மா."

"டாக்டரம்மா குடுத்த மாத்திரைய நிறுத்தாத. வெயில்ல நிக்காத, போ."

பஸ் நகர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அமல்ராணி கை காட்டவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். நடத்துனர் அருகில் வந்து டிக்கெட் கேட்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அப்போதும் அவள் கையை வெளியே எடுக்கவில்லை.