ஜுல்போக்காரிக்கு ஒரு பெயர்

ஜுல்போவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் கொரியாவின் சொல்மே ஊரில் எல்லாரும் அவளை ஜுல்போக்காரி என்றார்கள். மூத்தவன் தொக்கி பிறந்தபின் தொக்கி அம்மா ஆனாள். புருஷன் பாங் தல்சுவுக்கு அவள் "இந்தா." பதினேழு வருஷமாக "இந்தா, சோறு", "இந்தா, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா" என்றுதான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்குத்தான் பெயர் இருந்தது?

வேதக்கோயிலுக்கு அவள் போகத் தொடங்கியது பக்தியால் அல்ல. பக்கத்து வீட்டுக் கோபுக்காரிதான் ஆசை காட்டினாள். "வாடி. ஞாயித்துக்கிழமை அங்க போய் உக்காந்தா ரெண்டு நாழிக்கு யாரும் நம்மள எழுந்திரின்னு சொல்ல மாட்டாங்க."

கூரை வேய்ந்த கோயில் அது, அரிவாள்போல் வளைந்து கிடக்கும். ஒரு பக்கத்தில் ஆண்கள், மறு பக்கத்தில் பெண்கள், வளைவின் மூலையில் உபதேசியார். முதல் மாதம் ஜுல்போக்காரி சுவரில் சாய்ந்து தூங்கினாள். இரண்டாம் மாதம் பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டது. பிறகு அடுப்புச் சாம்பலில் குச்சியால் எழுதி எழுதி எழுத்தும் படித்துவிட்டாள். எப்போது நம்பிக்கை வந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மூன்றாவது குளிர்காலத்தில், ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

கொரியாவை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்ட இரண்டாம் வருஷம் அது. அறுப்பு முடிந்து, ஞானஸ்நானத்துக்கு ஆள் சேர்த்தார்கள். உபதேசியார் அவளை முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்.

"இயேசு யாருக்காக மரிச்சார்?"

"எனக்காகத்தாங்க. இந்தக் கோபுக்காரிக்காகவும்தான். ஆனா அவ இன்னும் எழுத்துப் படிச்சு முடிக்கல."

கோபுக்காரி பின்னாலிருந்து அவள் இடுப்பில் கிள்ளினாள். உபதேசியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, தேறிட்டம்மா. பேரு சொல்லு."

"தொக்கி அம்மா."

"அது உன் பையன் பேரு."

"ஜுல்போக்காரி."

"அது ஊர்ப் பேரு. பொறந்த வீட்டுல உன்ன என்னன்னு கூப்பிட்டாங்க?"

அவள் பாயைப் பார்த்தாள். "ஞாபகம் இல்லீங்க" என்றாள். கோயிலுக்குள் அவள் சொன்ன முதல் பொய் அது.

"அப்ப மரியாள்னு வெச்சிருவோம்."

பெண்கள் பக்கத்தில் ஒரே கூச்சல். "வேண்டாங்கய்யா! ஏற்கெனவே நாலு மரியாள் இருக்கோம். கெணத்துல வாளி விழுந்துச்சு மரியாளேன்னா நாலு பேரும் ஓடியாறோம்!"

"சரி சரி. வர்ற ஞாயித்துக்கிழமை வெள்ளைக்காரப் பெரிய போதகர் வர்றார். அதுக்குள்ள வீட்டுல பேசி ஒரு பேரோட வா."

அவள் வீட்டுக்கு வந்தபோது தல்சு வைக்கோல் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வெள்ளைக்காரன் என் பொண்டாட்டிக்குப் பேர் வைக்கிறதா? அவன் என்ன எனக்கு மாமனாரா? ஏன், உங்கப்பன் உனக்குப் பேரே வைக்கலியா?"

"வெச்சாரு."

"என்ன பேரு?"

சோயாக் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "சொப்சொபி."

'ஏமாற்றம்' என்று அர்த்தம். நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததும் அவள் அப்பன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். அதுவே பெயராக நின்றுவிட்டது. தல்சு சிரிக்க வாயெடுத்தான். குனிந்தே இருந்த அவள் தலையைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"பதினேழு வருஷமா சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியே."

மறுநாள் காலையில் அவன் இரண்டு கட்டுப் புகையிலையை மடியில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "இந்தா, கெளம்பு."

வாத்தியார் ஹியோன் வீட்டுக்குத்தான் கூட்டிப்போனான். முறையாகப் பெயர் வைக்கச் சீன எழுத்து வேண்டும்; ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் அவர். குதிரை மயிர்த் தொப்பியும் உச்சிக்குடுமியுமாக இருப்பார். கோயில் என்றாலே அவருக்கு ஆகாது. தல்சு அறைக்குள் போக, ஜுல்போக்காரி சமையல்கட்டுப் பக்கம் போனாள். வாத்தியார் மனைவி அடிப்பிடித்த சோற்றில் காய்ச்சிய காந்தல் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் சூடாக ஊற்றிக் கொடுத்தாள். நடுவில் ஒரு காகிதக் கதவுதான். மூச்சு விட்டால்கூடக் கேட்கும்.

"கோயில்ல சொல்றதுக்குப் பேரா? முன்னோருக்குப் படையல் போடாத கூட்டத்துக்கா?" இது வாத்தியார்.

"படையல நான் போடறேங்க. பேரு மட்டும் அவளுக்கு."

புகையிலைக் கட்டுப் பிரிபடும் சத்தம். வாத்தியார் குரல் இறங்கியது. "ம். ஜொங்சுக். அடக்கமும் அமைதியும் உள்ளவள்."

"ஐயா எங்க வீட்டுப் பக்கம் வந்ததில்ல போல" என்றான் தல்சு.

வாத்தியார் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப யூசுன். மென்மையும் கீழ்ப்படிதலும்."

"பொய்ப் பேரு வெச்சா தண்ணி தெளிக்கறப்ப அவ மாட்டிக்குவா, ஐயா."

"பின்ன எப்படிப்பட்டவடா அவ? சொல்லித் தொலை."

வாத்தியார் புகைபிடிக்கும் சுங்கானைத் தட்டும் சத்தம் கேட்டது. ஜுல்போக்காரிக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளம் வந்த வருஷம் நான் காய்ச்சல்ல கெடந்தேங்க. என்னை முதுகுல கட்டிக்கிட்டு, விதைநெல்ல தலையில வெச்சுக்கிட்டு, நெஞ்சளவு தண்ணியில மேட்டுக்கு ஏறுனா. வழி நெடுக என்னைத் திட்டிக்கிட்டே ஏறுனா. அப்புறம்... ரெண்டு புள்ளைங்கள அம்மைக்குக் குடுத்தோம். பொதைச்சுட்டு வந்த அன்னிக்கி எனக்குச் சோறு ஆக்குனா. நான் சாப்ட்டேன். அவ சாப்ட்டாளான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது."

அவன் இன்னும் முடிக்கவில்லை. "அவ பொறந்தப்ப அவங்கப்பன் ஏமாந்துட்டானாம். எனக்கு அவ வந்ததுல... அதாங்க. அந்த மாதிரி ஏதாச்சும் எழுத்து இருக்குங்களா?"

வாத்தியார் மை அரைக்கும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. கடைசியில் மெதுவாகச் சொன்னார். "ஹீரே. மகிழ்ச்சி வந்ததுன்னு அர்த்தம்."

ஜுல்போக்காரியின் கையில் காந்தல் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. வாத்தியார் மனைவி பாவாடை ஓரத்தில் மூக்கைத் துடைத்தாள். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, காதோடு கேட்டாள். "அந்தக் கோயில்ல எந்தப் பொம்பளைக்கு வேணாலும் பேரு குடுப்பாங்களாடி?"

திரும்பும்போது தல்சு வழக்கம்போல் முன்னால் நடந்தான். வரப்பில் உறைபனி நொறுங்கியது. பாதி வழி வந்தபின் அவள் அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"சாப்ட்டேன்."

"என்னது?"

"அன்னிக்கி. நீங்க படுத்தப்பறம், சட்டியில ஒட்டியிருந்த காந்தலச் சுரண்டிச் சாப்ட்டேன்."

அவன் திரும்பவில்லை. "சரி" என்றான். கொஞ்ச தூரம் போனபின் மறுபடியும் ஒருமுறை "சரி" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய போதகர் வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் நாக்கு மட்டும் கடைசிவரை இந்த மண்ணுக்குப் பழகவில்லை. தல்சு உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டான். விறகு சுமக்கும் சட்டத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, ஏதோ தற்செயலாக அந்த வழியாகப் போகிறவன்போல் ஜன்னலோரம் நின்றான். விறகு ஒன்றும் இல்லை.

ஜுல்போக்காரி முன்னால் போய் மண்டியிட்டாள். போதகர் உபதேசியார் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, கிண்ணத்தில் விரலை நனைத்தார். "ஓக்... ஹிலி..." ஓக் அவள் அப்பன் வீட்டுக் குடும்பப் பெயர்.

"ஹீரேங்க!" ஜன்னலிலிருந்து ஒரு சத்தம். "ஹிலி இல்ல, ஹீரே! ரெண்டு கட்டுப் புகையிலை குடுத்து வாங்குன பேருங்க!"

கோயில் முழுக்கச் சிரித்தது. ஆண்கள் பக்கம் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். போதகரும் சிரித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நாலு தடவை சொல்லிப் பார்த்தார். "ஹீ-ரே." ஜன்னலோரம் நின்றவன் தலையசைத்தபின்தான் அவள் உச்சியில் தண்ணீர் வைத்தார். தண்ணீர் சில்லென்று கழுத்துவரை இறங்கியது. அவள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஆமென் சொன்னாள். இரண்டில் எது அதிகம் என்று கோபுக்காரி கடைசிவரை தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

கோபுக்காரி அடுத்த வருஷம் மார்த்தாள் ஆனாள். அதற்கும் அடுத்த வருஷம் வாத்தியார் மனைவி பின்வாசல் வழியாக வந்து பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹீரேவுக்கு ஒரு பெண் பிறந்தது. தல்சு அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, வெளியில் நின்ற எல்லாரிடமும் "பொண்ணு, பொண்ணு" என்று காட்டினான். ஐந்து வருஷம் கழித்து அவனும் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தான். அரிசிக் கள்ளை விடுவதற்கு மேலும் மூன்று வருஷம் பிடித்தது. பாட்டு மட்டும் அவனுக்கு வரவேயில்லை.

ஆனால் அந்தப் பெயரை வைத்து அவன் அவளைக் கூப்பிட்டதில்லை. கோயிலில் எல்லாரும் ஹீரே என்றார்கள். வீட்டில் அதே "இந்தா"தான். வாங்கிக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டான்.

ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். அறுவடைப் பண்டிகைக்கு முந்தின சந்தை. ஜுல்போவில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தில் அவளைத் தவறவிட்ட தல்சு, தலைமேல் கையை வைத்துக்கொண்டு "இந்தா! இந்தா!" என்று கத்தினான். முப்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி "எந்தா?" என்று பழித்தாள். அவனுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

"ஹீரே!" என்றான். முதலில் வாய்க்குள். பிறகு சந்தையே கேட்க, "ஹீரே! ஏ, ஹீரே!"

அவள் நாலு கடை தள்ளி, கையில் கருவாட்டுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மீன்காரி நிமிர்ந்து பார்த்தாள். "யாரோ பேர் சொல்லித் தேடறாங்களே. உன்னையா?"

"என்னைத்தான்."

"பின்ன போகாம நிக்கறியே?"

"இருங்க" என்றாள் ஹீரே. "இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும்."