பாஸான ரத்தம்

பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் மாமியாரை மிஞ்ச ஆளில்லை. முப்பது வருஷமாக வீட்டிலேயே டியூஷன். எப்பேர்ப்பட்ட மக்கையும் தேற்றிவிடுவார். அந்தக் கை சும்மா இருக்குமா? மருமகளின் ரத்தத்தையும் தேற்றக் கிளம்பிவிட்டார்.

மருமகள் துணிக்கடையில் அளவு பார்த்துத் திருத்தித் தைப்பவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் எட்டாம் மாதத்தில் முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள். ரிப்போர்ட் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சர்க்கரை ஏறியிருந்தது, எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். இந்தத் தடவை பதினோராம் வாரத்திலேயே ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, இன்னும் சில சமாசாரங்களைப் பார்த்து, பின்னால் சர்க்கரை வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லிவிடுவார்களாம். வருமென்றால் வரும் என்று இப்போதே தெரியட்டும், அவளுக்கு அது போதும்.

மாமியாரோ பத்து நாள் முன்னதாகவே அட்டவணை போட்டுவிட்டார். காலையில் வெள்ளரிக்காய், மதியம் வேகவைத்த காய், ராத்திரி மறுபடி வெள்ளரிக்காய். நடுவில் மொட்டைமாடியில் நாற்பது சுற்று.

"பத்தே நாள்மா, பல்லைக் கடிச்சுக்கோ. அப்புறம் இஷ்டத்துக்குச் சாப்பிடு."

"அத்தை, உள்ளது உள்ளபடி தெரிஞ்சாதானே டாக்டர் ஏதாவது செய்வாங்க?"

"ரிப்போர்ட் நல்லா வந்தா அவங்க எதுக்கு ஏதாவது செய்யணும்?"

இதற்கு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது! புருஷனிடம் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். அம்மாவிடமே படித்துப் பாஸான பிள்ளை, வேறென்ன செய்வான்.

ரத்தம் எடுக்கும்போது நர்ஸ் கேட்டாள், "வழக்கமான சாப்பாடுதானே சாப்பிட்டீங்க?"

"எப்பவும் போலதான்" என்று மாமியார் முந்திக்கொண்டார். மருமகள் வாயைத் திறக்கவில்லை. அதற்காக ஒரு வாரம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாய்ப்பு குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை, எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இவளுக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து வழக்கம்போல் சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு தனியாக நர்ஸ் முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்குச் சொன்னது பொய். பத்து நாள் அரைப்பட்டினி கிடந்துதான் வந்தேன். திரும்ப எடுங்க."

நர்ஸ் முறைத்தாள். "ரத்தத்தை ஏமாத்தி யாருக்கும்மா லாபம்? நல்லவேளை, பதிமூணு வாரம் தாண்டல. கையை நீட்டுங்க."

இந்த முறை வாய்ப்பு அதிகம் என்று வந்தது. வழக்கமாகச் சர்க்கரை பார்க்கும் ஆறாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதிருந்தே கவனிக்கலாம் என்றார் டாக்டர். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வீட்டில் மாமியார் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "நல்லா வந்ததை நீயே போய்க் கெடுத்துக்கிட்டு வந்திருக்கியே! அந்த முதல் ரிப்போர்ட்டையே வச்சிருக்கக் கூடாதா?"

"போன தடவையும் நல்ல ரிப்போர்ட்டைத்தானே வச்சிருந்தோம், அத்தை" என்றாள் மருமகள். "அப்பவும் ஒரு வாரம் இப்படித்தானே தயார் பண்ணிக் கூட்டிட்டுப் போனீங்க."

மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது அது.