சமாதானத்துக்கு வந்தவர்

ரயிலில் வேலை பார்ப்பவர்மேல் கை வைத்தால் ஜெயில் என்று புதுச் சட்டம் வந்த கையோடு, பெட்டிக்குப் பெட்டி நோட்டீஸ் ஒட்டினார்கள். டிக்கெட் பரிசோதகர் கன்னத்தில் அறை வாங்கியது அப்படியொரு நோட்டீஸுக்கு அடியில் நின்றுதான். டிக்கெட் இல்லாதவரிடம் அபராதம் கேட்டாள், விழுந்தது ஒன்று. நோட்டீஸ் பாட்டுக்குச் சுவரில் இருந்தது.

வீக்கம் வடிந்துவிட்டது. மெல்லும்போது மட்டும் தாடை இன்னும் வலித்தது. அதைவிட, ஆளாளுக்குச் சொன்ன புத்திமதி அவளைப் பாடாய்ப் படுத்தியது. "விட்டுத் தொலை, கோர்ட்டுக்கு நடந்து நடந்து உன் செருப்புதான் தேயும்" என்றார் அவள் கணவர். "பெரிய மனசு பண்ணுங்கம்மா" என்றார் மேலாளர். இவர்களுக்கெல்லாம் அடுத்தவர் மனசு பெரிதாக இருப்பதில் அப்படியொரு அக்கறை!

சட்டம் என்னவோ கெட்டியானதுதான். ஆனால் அடி வாங்கியவள் வந்து நின்று சொன்னால்தான் அதற்கு உயிர். அவளுக்கோ சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அடித்தவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், புகாரை வாபஸ் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கலாம் என்று முடிவு பண்ணித்தான் அன்று ரயில்வே போலீஸ் நிலையத்துக்கு வந்தாள்.

மருத்துவ விடுப்பில் இருந்ததால் சாதாரண உடையில் வந்திருந்தாள். துணைக்கு வந்த தோழியும் பரிசோதகர்தான். அவள் வேலை முடிந்த கையோடு கறுப்புக் கோட்டும் பேட்ஜுமாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இன்ஸ்பெக்டர். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியதே தவிர, காற்று வரக் காணோம்.

அடித்தவர் தன் அக்காவோடு வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, நன்றாக வாரிய தலை. அன்றைக்கு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவர் இவர்தானா என்று சந்தேகம் வரும்.

"சொல்லுடா" என்று அக்கா முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

அவர் இரண்டு எட்டு முன்னால் வந்து தலையைக் குனிந்தார். "மேடம், அன்னிக்கு ஏதோ டென்ஷன்ல கை நீட்டிட்டேன். உங்களை என் கூடப் பொறந்தவங்களா நெனச்சுக் கேக்கறேன், மன்னிச்சிருங்க."

கேட்டதெல்லாம் தோழியிடம்.

தோழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"நான்தாங்க அது" என்றாள் அடி வாங்கியவள்.

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது. "கோட்டு போடலையா, அதான் சட்டுனு தெரியல." பிறகு இவள் பக்கம் திரும்பி நின்று, டென்ஷனிலிருந்து கூடப் பிறந்தவள் வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் மறுபடி ஒப்பித்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. அலுத்துச் சலித்துப்போன கோபம்தான், ஆனாலும் கோபம். இந்த மனுஷன் கையை ஓங்கும்போதுகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டுக்குள் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே அவருக்கு இருக்கவில்லை. இவர் மன்னிப்புக் கேட்டால் தூக்கம் வரும் என்று நம்பி வந்தாளே, அதை நினைத்துத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இன்ஸ்பெக்டர் வாபஸ் கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"வேணாம் சார். கேஸ் நடக்கட்டும்."

"ஐயோ, அவன் குழந்தை குட்டிக்காரன்மா!" என்று அக்கா பதறினாள். இவளும் குழந்தை குட்டிக்காரிதான்.

"நல்லா யோசிச்சுக்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "லேசுல முடியாது, வருஷக்கணக்கா இழுக்கும். கடைசில கோர்ட்ல ஆளை அடையாளம் காட்டச் சொல்வாங்க. அதுவரைக்கும் உனக்கு முகம் ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும் சார்" என்றாள் அவள். "நான் அவரைப் பாத்துக்கிட்டேதானே அடி வாங்கினேன்."