இரண்டு ஜீப்புகள்

காலையில் சிவராமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும், அவன் மனைவி விஜயராணி மேல் லயத்து வீட்டு வரிசைக்கு ஓடினாள். நாச்சிமுத்து தன் ஜீப்பருகே நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இவருக்கு நெஞ்சு அடைக்குதுண்ணே. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெரசா வாங்கண்ணே."

"ஜெயிச்சீங்கள்ல? உங்க அலமாரியில ஏத்திட்டுப் போங்க தாயி."

சிலோனிலிருந்து வந்து தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்தில் குடியேறிய நாள் முதல், மேல் லயத்து ஓட்டு ஒரு கட்சிக்கு, கீழ் லயத்து ஓட்டு மற்றதற்கு. பெரியவர்கள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. எவன் ஆண்டாலும் போய் நிற்க ஒரு வாசல் மிஞ்சும். ஜீப்பும் அப்படித்தான், மேலே நாச்சிமுத்து, கீழே சேனாதிபதி, ஆளுக்கொரு கொடி. போன மாதம் நடந்த உள்ளாட்சித் தேர்தலில்தான் சிவராமன் செல்போனை எடுத்தான். கூட்டமில்லை, மைக் இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி இளவட்டங்களுக்கு அனுப்பினான். இரண்டு லயத்துப் பிள்ளைகளும் வீட்டில் மூச்சு விடாமல், அலமாரிச் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற கண்மணிக்குப் போட்டார்கள். அவள் ஜெயித்த அன்று நாச்சிமுத்துவும் சேனாதிபதியும் முதன்முறையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

விஜயராணி கீழ் லயத்துக்கு ஓடினாள். சேனாதிபதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மேல வண்டி சும்மாதான கெடக்கு? நான் எடுத்தா கட்சியில என்னையக் கேப்பாங்கம்மா."

திரும்பி வந்தபோது சிவராமன் சுவரில் சாய்ந்து செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தான். "கண்மணி திண்டுக்கல்ல இருக்காளாம். நம்ம பயலுகளக் கூப்புட்டிருக்கேன்." அவன் கடைசியாக அனுப்பிய செய்தி அதுதான்.

இரண்டு லயத்துப் பிள்ளைகளும் ஓடி வந்து அவனைக் கம்பளியில் தூக்கினார்கள். காப்பிச் செடிகளைத் தாண்டி இறங்குகையில் மேலே ஓர் எஞ்சின் உறுமியது. தன் லயத்துப் பிள்ளைகளும் தூக்கிப் போவதைப் பார்த்து நாச்சிமுத்து கிளம்பிவிட்டார். அது காதில் விழுந்ததும், நல்ல பெயர் அந்தக் கட்சிக்குப் போய்விடுமே என்று கீழே சேனாதிபதியும் கிளப்பினார். வளைவில் இரண்டும் முகத்துக்கு முகம் நின்றன. ஒருவர் பின்னால் எடுத்தால்தான் மற்றவர் நகர முடியும்.

"நம்ம வண்டியில ஏறு தாயி!" என்றார் நாச்சிமுத்து.

"ஏலே, அதுல ஏத்தாதீங்கடா, பிரேக்கு நிக்காது!"

"அந்தாள பின்னால எடுக்கச் சொல்லு மொதல்ல!"

கம்பளி பிடித்திருந்தவர்கள் விஜயராணியைப் பார்த்தார்கள். "சொல்லுங்கக்கா. எதுல ஏத்த?"

அவள் அவன் அருகே குனிந்தாள். கம்பளிக்கு வெளியே நீண்டு, சில்லிட்டுப் போயிருந்த அவன் பாதத்தை எடுத்து உள்ளே வைத்தாள். மூடுபனிக்குள் இரண்டு ஜீப்புகளின் விளக்குகளும் இமை அசையாத அவன் முகத்தின் மேல் எரிந்துகொண்டிருந்தன.